கரையை வரை, தண்ணி தானா வரும்

கப்பல் டிக்கெட் கிடைச்சிருச்சுன்னு சொன்னே, சந்தோஷம். அந்த 24 கலர் பெட்டியை மட்டும் தூக்கிட்டு வராதே. கேம்பல் பேல தண்ணிக்கரையில உட்கார்ந்து வரையறதுக்கு ரெண்டு பென்சில், ஒரு பேனா, அஞ்சு ட்யூப் கலர், கூர் முனை உள்ள உருண்டை பிரஷ் ஒண்ணு, மடியில வெச்சா அடங்குற சின்ன நோட்டு ஒண்ணு போதும். மிச்ச இடத்துல கொசுவலையை வை.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்னு கேட்பே. இந்த நிகோபார்த் தீவு பூமத்தியரேகைக்கு வடக்கே வெறும் 7 டிகிரியில இருக்கு. மே மாசம் தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சா, பின்னாடியே வடகிழக்கு வந்து டிசம்பர் வரைக்கும் இழுக்கும். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும்தான் வானம் கொஞ்சம் வெளுக்கும். அப்பவும் காத்து ஈரமாத்தான் இருக்கும். மதுரை வெயில்ல ரெண்டு நிமிஷத்துல காய்ற வாஷ், இங்க கால் மணி நேரம் ஆனாலும் தாள் மேல பளபளன்னு நிக்கும். காயறதுக்குள்ள அடுத்த கலரை வெச்சா ரெண்டும் கலந்து சேறாயிரும். காயட்டும்னு காத்திருந்தா வெளிச்சம் மாறிரும், இல்லேன்னா தூறல் விழுந்துரும். அதனால இந்த ஊருல படத்தோட முக்கால்வாசி வேலையைப் பென்சிலும் பேனாவும்தான் செய்யணும். கலரைக் கடைசியில ரெண்டு மூணு இடத்துல தொட்டு வெச்சா போதும். வேற வழியில்லாம சொல்றேன்னு நினைக்காதே. எனக்கு அப்படி வரைஞ்ச படம்தான் பிடிச்சும் இருக்கு.

இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1819-ல இத்தாலிக்குப் போயிருந்தார். வெளியில உட்கார்ந்தே கலர் அடிக்கலாமேன்னு நேப்பிள்ஸ்ல கேட்டதுக்கு, ஒரு கலர் படம் போடுற நேரத்துல பதினஞ்சு பதினாறு பென்சில் படம் போட்டுருவேனேன்னு மறுத்துட்டாராம். இத்தாலிக் காத்துக்கே அந்தக் கணக்குன்னா நிகோபார் காத்துக்கு நீயே போட்டுக்கோ.

முதல்ல காகிதம். நல்ல வாட்டர்கலர் தாள்ல ஜெலட்டின் மாதிரி ஒரு பசை ஏத்தியிருப்பாங்க. கலர் சட்டுனு உள்ள இறங்காம மேலேயே நின்னு விளையாடுறது அதனாலதான். ஈரத்துல மாசக்கணக்கா கிடந்தா அந்தப் பசை அங்கங்க கெட்டுப்போகும். பார்க்க ஒண்ணும் தெரியாது. பிரஷ் பட்டதும்தான் தெரியும்: ஒரு இடத்துல கலர் நிக்கும், பக்கத்துலயே திட்டா உறிஞ்சிக்கும். அப்புறம் அதை எந்த வித்தையாலயும் சரிபண்ண முடியாது. அதனால 300 ஜிஎஸ்எம் தாள் உள்ள சின்ன நோட்டா ரெண்டு வாங்கு. ஒண்ணை வரைய எடுத்துக்கோ, மத்ததை ஜிப் வெச்ச பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு மூடு. செருப்பு டப்பாவுல வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை நாலு சேர்த்து உள்ள போடு. அந்தப் பையை நோட்டை எடுக்குறப்ப மட்டும் திற. பாண்டிச்சேரி ஆசிரமத்துக் கைத்தாள் உனக்கு ரொம்பப் பிடிக்கும்னு தெரியும், எனக்கும் பிடிக்கும். அழகுதான், ஆனா அது சும்மாவே உறிஞ்சும். அதை ஊருலயே வெச்சுக்கோ.

பேனா விஷயத்துல உன் தோழிங்க சொல்றதைக் கேட்டு விலையுள்ள பேனா வாங்கணும்னு இல்லை. ஜெல் பேனாக்கள்ல பெரும்பாலும் தண்ணி பட்டா ஓடிரும். பால்பாயின்ட் பேனா மை எண்ணெய்ல கரைச்சது, மேல கலர் பூசினாலும் அசையாது. பெட்டிக்கடை ரெனால்ட்ஸ் போதும். ஒரு குறை இருக்கு: வருஷக்கணக்கா வெளிச்சத்துல மாட்டி வெச்சா அந்த மை வெளுத்துரும். நோட்டுக்குள்ளேயே மூடி இருக்கிற படத்துக்கு அந்தக் கவலை இல்லை. சுவர்ல மாட்டணும்னு ஆசைப்பட்டா மட்டும் வாட்டர்ப்ரூஃப் மைப் பேனா ஒண்ணு எடுத்துக்கோ. பென்சில்ல 2பி ஒண்ணு, 6பி ஒண்ணு. அப்சரா டிராயிங் பென்சிலே போதும்.

பேனாவை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன செஞ்சிர முடியும்னு சந்தேகம் வந்தா, நம்ம மனோகர் தேவதாஸை நினைச்சுக்கோ. விழித்திரை நோயால பார்வை வருஷா வருஷம் சுருங்கிட்டே போக, அவர் கறுப்பு மையில மீனாட்சி கோயிலையும் யானைமலையையும் முடியிழை கோடுகளா வரைஞ்சு தள்ளினார். 2022 டிசம்பர்ல காலமானார். அந்தப் படங்கள்ல கலர் இல்லையேன்னு யாருக்காவது தோணியிருக்குமா?

கலர் அஞ்சுன்னு சொன்னேன்ல: அல்ட்ராமரின் ப்ளூ, பிரஷ்யன் ப்ளூ, லெமன் யெல்லோ, பர்ன்ட் சியன்னா, வெர்மிலியன். கேமல்ல மாணவர்களுக்குன்னு வர்ற சின்ன ட்யூபே எடுத்துக்கோ. பச்சை எங்கேன்னு கேட்காதே. இந்தத் தீவு முழுக்கப் பச்சைதான். அதனாலதான் பச்சை ட்யூப் வேண்டாம்கிறேன். ட்யூப்ல இருந்து வர்ற பச்சையை அப்படியே பூசினா காடு பிளாஸ்டிக் செடி ஆயிரும். பிரஷ்யன் ப்ளூவும் லெமனும் கலந்தா வெயில் பட்ட வாழையிலை வரும். அல்ட்ராமரினும் லெமனும் கலந்தா கொஞ்சம் மங்கின பச்சை, அது தூரத்துத் தென்னந்தோப்புக்கு. பிரஷ்யன் ப்ளூவுல பர்ன்ட் சியன்னா கலந்தா மலைக்காட்டோட அந்த இருட்டுப் பச்சை வரும். அல்ட்ராமரின்ல பர்ன்ட் சியன்னா போட்டா மழை மேகத்துக்கு வேண்டிய சாம்பல். வெர்மிலியன் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். கலரை அரிசி மணி அளவுக்கு அன்னன்னைக்குப் பிதுக்கிக்கோ. முந்தின நாள் மிச்சத்தைப் பேலட்டோட மூடி வெச்சா இங்க பூஞ்சணம் பூத்துரும்.

தண்ணி ரெண்டு பாட்டில். ஒண்ணு குடிக்க, ஒண்ணு பிரஷ்ஷுக்கு. கடல் பக்கத்துலதானே இருக்குன்னு உப்புத்தண்ணியில பிரஷ்ஷை நனைக்காதே. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், படம் நாள் முழுக்கப் பிசுபிசுன்னு இருக்கும். பிரஷ் கழுவின தண்ணியைக் கரையில கொட்டாம பாட்டில்லயே வீட்டுக்குக் கொண்டு வா.

அடுத்தது நேரம். இங்க வந்ததும் உன் வாட்ச் பொய் சொல்ல ஆரம்பிச்சிரும். இந்திய நேரத்தை 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வெச்சுக் கணக்குப் பண்ணியிருக்காங்க. நாங்க கிட்டத்தட்ட 94 டிகிரியில உட்கார்ந்திருக்கோம். சூரியன் எங்களுக்கு முக்கால் மணி நேரம் முந்தி. நீ வர்ற பிப்ரவரியில காலை 5.30-க்கு விடியும், பதினொண்ணரைக்கு உச்சி வெயில், சாயங்காலம் 5.30-க்குள்ள சூரியன் போயிரும். அந்தி நிறமும் இருபது நிமிஷத்துல முடிஞ்சுரும். நவம்பர்ல இன்னும் மோசம், 5 மணிக்கெல்லாம் சூரியன் இருக்காது. அதனால தூங்கி எழுந்து, காபி குடிச்சு, எட்டு மணிக்குக் கிளம்புற உன் பழக்கமெல்லாம் இங்க எடுபடாது. ஆறு மணிக்கு முன்னாடி கரையில உட்கார்ந்திரு, எட்டு எட்டரைக்கு எழுந்துரு. அதுக்கு மேல போகப் போக வெளிச்சம் மேல இருந்து விழும். நிழல் எல்லாம் செத்துரும், எல்லாம் தட்டையாயிரும்.

ஊர் தீவோட கிழக்குக் கரையில இருக்கு. காலையில கடலைப் பார்த்து உட்கார்ந்தா சூரியன் எதிர்ல, எல்லாம் கறுப்பு உருவமாத் தெரியும். அது படகுகளுக்கு நல்லாருக்கும். கடலுக்கு முதுகைக் காட்டி மலைப் பக்கம் பார்த்தா காடு முழுக்க வெளிச்சம். எதை வரையணும்னு முந்தின நாளே முடிவு பண்ணிட்டுப் போ. சாயங்காலம் மேற்கு மலை நிழல் சீக்கிரமே கரைமேல விழுந்துரும். அப்ப பென்சில் படம் மட்டும் போடலாம்.

ஏரின்னு நீ கேட்டே. கொடைக்கானல் மாதிரி படகு விடுற ஏரியெல்லாம் இங்க கிடையாது. ஆனா தேங்கின தண்ணிக்குப் பஞ்சமே இல்லை. 2004 சுனாமி நாள்ல வந்த நிலநடுக்கத்துல இந்தத் தீவே சரிஞ்சு இறங்குச்சு. தெற்குக் கோடியில இந்திரா முனையில 4 மீட்டருக்கு மேல. தரையில நின்ன கலங்கரை விளக்கம் இப்ப தண்ணிக்குள்ள நிக்குது. தோப்பும் வயலுமா இருந்த தாழ்வான கரைகள்ல தண்ணி ஏறி, போகாம தங்கிடுச்சு. அங்கங்க பட்டுப்போன மரங்கள் வெள்ளை வெள்ளையா தண்ணிக்குள்ள நிக்கும். ஓடை கடல்ல சேர்ற இடத்துலயும் காத்தில்லாத காலையில தண்ணி கண்ணாடியா இருக்கும். உனக்கு ஏரி பாடம் படிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனா எங்க உட்கார்றதுங்கிறதுல நான் சொல்றதைத் தட்டாம கேளு. இங்க ஓடை முகத்துலயும் உப்பங்கழியிலயும் உப்புநீர் முதலை உண்டு. இந்தத் தீவுக்கூட்டத்துல மனுஷங்களை இழுத்துட்டுப் போன சம்பவங்கள் இருக்கு. படத்துல மூழ்கினவ முதுகுப் பக்கம் யாரு வர்றான்னு பார்க்க மாட்டா. தண்ணி ஓரத்துல கால் தொங்கப் போட்டு உட்கார்ற கதையே வேண்டாம். மேடான இடத்துல, தண்ணியில இருந்து நல்லாத் தள்ளி, தனியா இல்லாம உட்காரு. முதலை இருக்குன்னு ஊர்க்காரங்க சொன்ன இடத்துக்குப் போகவே போகாதே. தள்ளி உட்கார்றதுல படத்துக்கும் லாபம்தான்: எதிர்க்கரையும் இந்தக் கரையும் ஒரே பார்வையில அடங்கும். தென்னை மரத்தடியில உட்காராதேன்னு உனக்குச் சொல்லணுமா? குரங்குக்குப் பையைத் திறந்து வைக்காதே. இங்க இருக்கிறது நீள வால் குரங்கு. தேங்காயையே உரிச்சுத் தின்னுற ஜாதி, உன் ட்யூப் மூடியெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்லை. கால்ல மணல் ஈ கடிக்காம இருக்க முழு பேன்ட் போட்டுக்கோ.

இன்னொண்ணும் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. இங்க ஐஎன்எஸ் பாஸ்னு கடற்படை விமானத்தளம் இருக்கு, 2012-ல இருந்து. அந்தப் பக்கம், ஓடுதளம், கடற்படை, கடலோரக் காவல் படகு நிக்கிற துறை எதையும் வரையாதே. போட்டோதானே கூடாது, படம் வரையலாமேன்னு உனக்குத் தோணும். 1923-ம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டத்தை எடுத்துப் பாரு, தடைசெய்த இடத்தை ஸ்கெட்ச் பண்றதையே பேர் சொல்லிக் குத்தமா எழுதி வெச்சிருக்கான். அந்தக் காலத்துல வேவு பார்க்குறவன் கையில பென்சில்தானே இருந்துச்சு! அதே மாதிரி பழங்குடி ஒதுக்குப் பகுதிக்குள்ள அனுமதி இல்லாம நுழையக் கூடாது. 1956 பாதுகாப்பு விதி அது. சோம்பென் மக்களையோ நிகோபாரி மக்களையோ தூரத்துல இருந்து திருட்டுத்தனமா வரையறதும் வேண்டாம். கரையில ஏத்தி வெச்சிருக்கிற ஹோடியை, அதான் பக்கத்துல மிதவைக் கட்டை வெச்ச அவங்க படகை, வரையணும்னா படகுக்காரரைக் கேட்டுட்டு வரை. கேட்டா பெரும்பாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவாங்க. படகை எப்படிக் கட்டியிருக்குன்னு கூடவே சொல்லவும் செய்வாங்க, உன் கோடும் சரியா வரும்.

இப்ப வரையறதுக்கு வருவோம். தண்ணியை வரையாதே. இதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை. தண்ணிக்குன்னு ஒரு உருவம் கிடையாது. கரையும், கரை மேல நிக்கிறதும், அதோட நிழலுருவும் சரியா விழுந்துட்டா நடுவுல விட்ட வெள்ளைத் தாள் தானா தண்ணி ஆயிரும். அலை அலையா கோடு இழுத்து தண்ணின்னு காட்ட நினைக்கிறவங்க படம் எல்லாம் தகரக் கூரை மாதிரிதான் இருக்கு.

முதல் கோடு எதிர்க்கரை. அது கிடைமட்டமா இருக்கணும். பென்சிலை ரெண்டு கையாலயும் கண்ணுக்கு நேரா படுக்கப் பிடிச்சு, கரைக்கோட்டோட ஒப்பிட்டுப் பாரு. கரை உள்ளே வெளியே வளைஞ்சு போனாலும், தூரத்துல அந்த வளைவெல்லாம் நசுங்கி ஏறக்குறைய ஒரே கோடாத்தான் தெரியும். நம்ம மூளை அதை ஒத்துக்காது. ஏரி வட்டம்னு அதுக்குத் தெரியும், அதனால கை வட்டமா இழுத்துரும். அப்படி இழுத்தா தண்ணி படத்துல இருந்து நம்ம மடியில கொட்டும். எவ்வளவு நசுங்கியிருக்குன்னு நினைக்கிறியோ, அதை இன்னும் பாதியா நசுக்கு.

ரெண்டாவது, பிம்பம் நேரா கீழே விழும். நிழல் சூரியன் இருக்கிற பக்கத்தைப் பொறுத்துச் சாயும்; பிம்பம் அப்படிச் சாயாது. தண்ணி ஓரத்துலயே நிக்கிற மரத்துக்கு, மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் அவ்வளவு. கரைக்குப் பின்னாடி தள்ளி நிக்கிற மலைக்குத் தலைப்பகுதி மட்டும்தான் தண்ணியில தெரியும், அடியைக் கரை மறைச்சிரும். இங்க தென்னை எல்லாம் தண்ணிப் பக்கம் சாய்ஞ்சே நிக்கும், அதுலதான் எல்லாரும் சறுக்குவாங்க. மேலே வலது பக்கம் சாய்ஞ்ச மரம், தண்ணிக்குள்ள இறங்கும்போதும் வலது பக்கமாத்தான் இறங்கும். கை அதை இடது பக்கம் கொண்டுபோகும், விடாதே.

மூணாவது இருட்டும் வெளிச்சமும். இருட்டான பொருளோட பிம்பம், பொருளைவிட ஒரு பங்கு வெளுப்பா இருக்கும். வெளுப்பானதோட பிம்பம் ஒரு பங்கு மங்கலா இருக்கும். அதாவது தண்ணிக்குள்ள எல்லாமே நடுவுக்கு வரும். வானத்துக்கு விட்ட வெள்ளையை அப்படியே தண்ணிக்கும் விட்டா தாள் கிழிஞ்ச மாதிரி இருக்கும். 6பி பென்சிலைப் படுக்க வெச்சு, தண்ணி மேல மட்டும் லேசா ஒரு இழுப்பு இழுத்துக்கோ. பட்டுப்போன அந்த வெள்ளை மரத்துக்குப் பின்னாடி காட்டை நல்லா கறுப்பா வை. மரத்துக்குன்னு நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம், வெள்ளைத் தாளே மரம்.

பிம்பத்துக்கு நிமிர்ந்த கோடா போடு. போட்டு முடிச்சதும் அதுக்குக் குறுக்கே ரெண்டோ மூணோ படுக்கைக் கோடு, அழிரப்பரை ஓரமா நறுக்கி, அதால வெட்டி எடு. அதுதான் காத்து தொட்டுப் போன இடம். அது போதும். காலடியில இருக்கிற தண்ணியில வானம் தெரியாது, அடியில கிடக்கிற இலையும் மண்ணும்தான் தெரியும். தூரம் போகப் போகத்தான் கண்ணாடி ஆகும். அதனால முன்னாடி கொஞ்சம் அழுக்கா, பின்னாடி வெளுப்பா இருக்கிறதைத் திருத்த நினைக்காதே.

இதையெல்லாம் இங்க வந்து முதல் தடவை செய்யாம, கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியூர் தெப்பக்குளத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போ. திருமலை நாயக்கர் 1645-ல வெட்டின குளம், நடுவுல மைய மண்டபம். கோபுரமும் மதிலும் நேர்க்கோடா இருக்கிறதால பிம்பத்துல தப்பு பண்ணினா உடனே காட்டிக்கொடுத்துரும். மரம் மட்டை அப்படிக் காட்டிக்கொடுக்காது, அதனால அதுல கத்துக்கிறது கஷ்டம். மண்டபத்தோட ஒரு மூலையும் அதோட பிம்பமும் சரியா வந்துட்டா நீ தேறிட்டே.

பேனாவால மேலே இழுத்தாச்சு, பென்சில் நிழல் போட்டாச்சு. இப்பதான் கலர். எங்க வைக்கப் போறேன்னு முதல்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாரு. எல்லாம் மங்கின பிறகும் எது கூவுதோ அதுக்கு மட்டும் கலர். இங்க பல நாள் அது நீலத் தார்ப்பாயா இருக்கும். மீன்பிடி டிங்கி மேல போர்த்தியிருப்பாங்க. சில நாள் பழுத்த தாழம்பழத்தோட ஆரஞ்சு. அதிர்ஷ்டம் இருந்தா பட்ட மரத்து உச்சியில வெள்ளைக் கழுத்து மீன்கொத்தி ஒண்ணு வந்து உட்காரும், முதுகு பச்சை கலந்த நீலம். அதைப் பறவையா வரைய உட்காராதே, பறந்துரும். பிரஷ் நுனியால ஒரே ஒரு பொட்டு.

வெச்ச கலரை அப்படியே விட்டுராதே. அதே கலர்ல கொஞ்சம் பர்ன்ட் சியன்னா தொட்டு மங்கலாக்கி, நேர் கீழே தண்ணியில உடைஞ்ச ஒரு கீற்றா இன்னொரு தடவை வை. தார்ப்பாய் நீலம் மேலே ஒண்ணு, தண்ணிக்குள்ள துண்டா ரெண்டு. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையா இருந்தாலும் கண்ணு அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல போய்ப் போய் வரும், நடுவுல இருக்கிற தாளைத் தண்ணின்னு நம்பிரும். வெர்மிலியன் வெச்சிருக்கச் சொன்னது இதுக்குத்தான். சுத்திலும் பச்சைக்காடு, அதுக்கு எதிர்ல ஒரு சிவப்புச் சேலையோ ஒரு பிளாஸ்டிக் வாளியோ கடுகளவு வந்துட்டா, நீ அடிக்காத பச்சையும் இருக்கிற மாதிரித் தோணும். வாளி இல்லாத இடத்துல நீயா வாளியைக் கொண்டுவந்து வைக்காதே. அது பார்த்ததும் தெரிஞ்சுரும், சினிமா செட்டு மாதிரி.

தண்ணிக்கு நீலம் அடிக்கணும்னு கை பரபரக்கும். அலையாத்திச் செடி பக்கம் தேங்கின தண்ணி டீத்தண்ணி நிறத்துல இருக்கும், இலை ஊறின சாயம். விரிகுடாவுல மணல் தரை மேல வெயில் பட்டா பச்சை. மேகம் மூடினா ரெண்டும் சாம்பல். ஒரே ஒரு வாஷ் வேணும்னா அந்தச் சாம்பலை ரொம்ப நீர்க்க விட்டு, எதிர்க்கரைக்குக் கீழே மட்டும் ஓட்டு. கே.சி.எஸ். பணிக்கர் எழுத்தும் சின்னமுமா வரையறதுக்கு முன்னாடி, இள வயசுல தென்னையும் கால்வாயும் வாட்டர்கலர்ல போட்டவர். அந்தப் படங்கள் எங்கயாவது கிடைச்சா தண்ணியில எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கார்னு பாரு.

மழை வந்துருச்சா, கலருக்கு நேரமில்லையா? பரவாயில்லை. படத்து மேலேயே பென்சில்ல எழுதிடு: தார்ப்பாய் - அல்ட்ராமரின், காடு - பிரஷ்யனும் சியன்னாவும், தண்ணி - டீ. போன்ல போட்டோ எடுத்து வெச்சு வீட்டுல பார்த்து அடிக்கலாம்னு நினைப்பே. போன் பச்சையை எல்லாம் ஒரே பச்சையாக்கிரும், நிழலைக் கறுப்பாக்கிரும். எழுதி வெச்ச ரெண்டு சொல்லு அதைவிட நம்பலாம். கலரை வீட்டுல ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வெச்சுக்கலாம், நல்லாக் காயும். கடலடிக் கேபிள் 2020-ல வந்ததுல இருந்து இங்கயும் நெட் ஓரளவு வருது, நீ யூடியூப்ல பாடம் பார்க்கலாம். பார்த்துட்டு மறந்துரு, அதுல தண்ணிக்கு அலை அலையா கோடு போடுறவங்கதான் நிறைய.

அந்தப் பட்ட மரங்களைப் பத்தி ஒண்ணு. உன் கண்ணுக்கு அது அழகான வெள்ளைக் கோடு. இங்க இருக்கிறவங்களுக்கு அது இன்னார் தோப்பு, இன்னார் வீட்டுக் கொல்லை. உங்க மாமாவோட அப்பா மாதிரி ராணுவத்துல இருந்து ஓய்வு வாங்கினவங்களை 1969-ல இருந்து இங்க கொண்டுவந்து குடியேத்தினாங்க. பஞ்சாபி, மராத்தி, மலையாளி, தமிழாளுன்னு எல்லாரும் காட்டை வெட்டி, தென்னை வெச்சு, ஒரு தலைமுறை ஆளாக்கின நிலம் ஒரே காலையில தண்ணிக்குள்ள போச்சு. நீ வரையும்போது பெரியவங்க யாராவது பின்னாடி வந்து நிப்பாங்க. ஒண்ணும் பேசாம பார்ப்பாங்க, அப்புறம் படத்துல வெள்ளையா விட்ட இடத்தைக் காட்டி, இங்க ஒரு கிணறு இருந்துச்சு, இங்கதான் பாதை போச்சும்பாங்க. பென்சிலை நிறுத்திட்டுக் கேளு. கேட்டதைத் தாளோட பின்பக்கம் எழுதி வை. படத்துல கிணறு வராது, இருந்தாலும் எழுது. சுனாமி வந்த டிசம்பர் 26 அன்னைக்கு மட்டும் கரையில நோட்டை விரிக்காதே, அன்னைக்கு ஊரே கும்பிட வரும். நீ வர்றது பிப்ரவரி, ஆனா இன்னொரு தடவை வருவேல்ல, அதுக்காகச் சொல்றேன்.

கலாத்தியா விரிகுடாவையும் பார்க்கணும்னு எழுதியிருந்தே. அங்க போக அனுமதி கிடைக்குமான்னு உங்க மாமா விசாரிக்கிறார். பெரிய சரக்குத் துறைமுகம் வரப்போற இடம் அது, 2022 நவம்பர்லயே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாச்சு. முதுகுல வரி வரியா ஓடுற தோணி ஆமை முட்டை வைக்கக் கரையேறுற மணலும் அதுதான். துறைமுகம் வேணும்கிறவங்க, வேண்டாம்கிறவங்க ரெண்டு பேருமே இங்க தெருவுல இருக்காங்க, அவங்ககிட்ட வாதாட நீ வரலை. என் கருத்தைக் கேட்டா, அந்த ஆத்து முகத்தை இப்ப இருக்கிறபடி வரைஞ்சு வெச்சுக்கிறதுக்கு ஒரு அவசரம் இருக்கு. போனா மரம் மரமா அழகு தேடாம, மணல்திட்டு எங்க முடியுது, ஆறு எந்தப் பக்கம் திரும்பி கடலுக்குள்ள போகுது, மலை எவ்வளவு உயரம் தெரியுதுன்னு அளவு பார்த்து வரை. கலரே வேண்டாம். தேதி, நேரம், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன்னு கீழே எழுது. ராத்திரியில ஆமையை வரையறேன்னு டார்ச் அடிச்சுக்கிட்டு மட்டும் போகாதே. வெளிச்சம் பட்டா அது முட்டை வைக்காமலேயே திரும்பிரும்.

திரும்பிப் போறப்ப நோட்டைக் கைப்பையில வெச்சுக்கோ. கப்பல்ல அடியில போடுற பெட்டிக்குள்ள வேண்டாம், கார் நிகோபார், நன்கவுரின்னு ஒவ்வொரு தீவா நின்னு போய்ச் சேர்றதுக்குள்ள ஈரம் ஏறிரும். கலர் வெச்ச பக்கங்களுக்கு நடுவுல வெண்ணெய்த்தாள் நறுக்கிப் போடு, சாதாரணத் தாள் ஒட்டிக்கும்.

எனக்கு வாங்கிட்டு வர வேண்டியது: பர்ன்ட் சியன்னா ரெண்டு ட்யூப், 6பி பென்சில் ஒரு பெட்டி, மெத்துனு இருக்கிற அழிரப்பர் ரெண்டு, அம்மா போட்ட கூழ்வடகம் ஒரு கிலோ. வடகத்தையும் நோட்டையும் ஒரே பையில வைக்காதே. ரெண்டுல எதுல ஈரம் ஏறினாலும் உன்கிட்டதான் கேட்பேன்.